வேகத்தைக் காக்கும் கருவி

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோர் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. ஆக்சிலேட்டரைத் திருகியபடியே இருப்பதால் வலது மணிக்கட்டு மரத்துப்போகும். இதற்குத் தீர்வாகப் பின்னர் வாங்கிப் பொருத்தும் கருவிகள் இருவகை. இரண்டையுமே ‘குரூஸ் கண்ட்ரோல்’ என்று அழைப்போர் உளர். அவை ஒன்றல்ல என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முதல்வகை, கைப்பிடியை அசையாமல் இறுக்கும் வளையம். இது காப்பது திருகிய அளவையே, வேகத்தையன்று. எங்கள் ஊராகிய அமிர்தி ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது. அங்குள்ள மேட்டில் வண்டி ஏறும்போது புவியீர்ப்பு எதிர்த்து இழுக்க, வேகம் குறையும். இறங்கும்போதோ, கைப்பிடி அதே நிலையில் இருக்க, வேகம் கூடும்.

இரண்டாம்வகையே உண்மையான குரூஸ் கண்ட்ரோல். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு அமைத்த சுழல்குண்டுக் கருவியின் தத்துவமே இதிலும் உள்ளது. வேகத்தை அளத்தல், வேண்டிய வேகத்தோடு ஒப்பிடல், வேறுபாட்டைத் திருத்தல் என்னும் இம்முறையைப் ‘பின்னூட்டம்’ என்கிறோம். இதனைக் காருக்குத் தந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். சிறுவயதிலேயே பார்வையிழந்த அவர் 1950-இல் காப்புரிமை பெற்றார். கிறைஸ்லர் நிறுவனம் 1958-ஆம் ஆண்டு கார்களில் அதனைப் பொருத்தியது.

கேபிள் உள்ள வண்டியில், சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் அளக்க, சிறு மோட்டார் ஒன்று கேபிளை இழுத்தும் தளர்த்தியும் வேகத்தைச் சீராக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் கேபிளே இல்லை. கைப்பிடியின் திருகல் மின்குறிப்பாகவே எஞ்சினைச் சேரும். அவற்றில் அக்குறிப்பின் இடையே கருவியை இணைத்தால் போதும். ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வண்டியிலோ இவ்வசதி உடன்வந்ததே.

கருவி வாங்குவோர், அது எவ்வாறு பிடிக்கிறது என்பதைவிட எவ்வாறு விடுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொட்டவுடன் அது விலக வேண்டும். கிளட்சைப் பிடித்தாலும் விலக வேண்டும்; இல்லையேல் சுமை நீங்கிய எஞ்சின் கட்டுமீறிச் சுழலும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். கருவி விலக இரண்டு விநாடி தாமதித்தால் வண்டி 33 மீட்டர் கடந்துவிடும்! பதிவுச் சான்றின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

வேலூர் வழியே செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், கூட்டமில்லா நேரத்தில் இக்கருவி மணிக்கட்டுக்கு ஓய்வு தரும். அமிர்தியின் வளைவுகளிலும் மழை ஈரத்திலும் அதற்கு வேலையில்லை. ஏனெனில் அது அறிவது வேகம் ஒன்றையே. வளைவையும் குறுக்கே வரும் ஆட்டையும் அது அறியாது. அவற்றைக் காண வேண்டிய கண்ணும் பிரேக்கின்மேல் இருக்க வேண்டிய விரலும் நம்முடையவை.