இரு கரைகளும் ஒத்திருத்தல்: பெயர்ச் சேவையக ஒப்படைப்புப் பிழைகளைக் கண்டறியும் முறை

இணையத்தில் ஒரு டொமைன் பெயரின் முகவரியைத் தேடும்போது, ரிசோல்வர் எனப்படும் தேடற் சேவையகம் மூலச் சேவையகங்களில் தொடங்கி, அடுத்த படிக்குப் பொறுப்பானவர் யார் என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக் கீழிறங்குகிறது. பெயர்களின் அடுக்கில் ஒரே பொறுப்பின் கீழ் வரும் பகுதியே வலயம். மேல் வலயம் தன் கீழுள்ள வலயத்தின் பொறுப்பை இன்ன சேவையகங்களிடம் விட்டிருப்பதாகக் கூறும் குறிப்பே ஒப்படைப்புப் பதிவு. தொழிலில் இருப்போர் இதனை என்எஸ் பதிவு என்பர். 1990 முதல் இயங்கிவரும் எல்கே வலயத்திலும், 2010இல் மூல வலயத்தில் இடம்பெற்ற 'இலங்கை' என்னும் தமிழெழுத்து வலயத்திலும் பதிவாகும் ஒவ்வொரு பெயரும் இத்தகைய குறிப்பையே நம்பி நிற்கிறது.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையையும் படுவான்கரையையும் மண்முனையில் இணைத்து வந்தது 'பாதை' என்று மக்கள் அழைக்கும் மிதவையே; 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின்னரும் பழைய துறையையே காட்டும் பலகை ஒன்று நிற்குமாயின், அதை நம்பிச் செல்பவர் நீர்விளிம்பில் நின்று திரும்ப நேரும். மேல் வலயம் சுட்டும் சேவையகம் இல்லாமற் போவதும், இருந்தும் விடை தராததும், விடை தந்தும் அவ்வலயத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று மறுப்பதும் இத்தகைய நிலையே ஆதலால், இதனைச் செயலிழந்த ஒப்படைப்பு எனலாம்.

இப்பிழை பெரும்பாலும் முழுத் தடையாக வெளிப்படுவதில்லை. இரண்டு சேவையகங்களுள் ஒன்று மட்டும் செயலிழந்திருந்தால், தேடற் சேவையகம் சிறிது காத்திருந்து மற்றதை நாடுவதால், தளம் சில வேளை விரைவாகவும் சில வேளை தாமதமாகவும் திறக்கும்; பயனர் இணைப்பின் வேகத்தையே குறைகூறுவார். எல்லாச் சேவையகங்களும் செயலிழந்த பின்னரே சேர்வ்ஃபெயில் என்னும் பிழைச் செய்தி தோன்றும் என்பதால், விட்டுவிட்டு வரும் தாமதத்தை முதல் அறிகுறியாகக் கொள்வது நன்று.

ஆராய்வோர் முதலில் கைக்கொள்ள வேண்டியது, நினைவகத்தில் பழைய விடைகளை வைத்திருக்கும் தேடற் சேவையகத்தை நம்பாமல், பொறுப்புச் சேவையகங்களை நேரடியாக வினவுவதாகும். டிக் என்னும் கருவியின் ட்ரேஸ் முறை மூலத்திலிருந்து படிப்படியாக இறங்கிக் காட்டும். அதன்பின் மேல் வலயம் தரும் என்எஸ் பட்டியலையும், கீழ் வலயம் தானே தரும் பட்டியலையும் அருகருகே எழுதி ஒப்பிட வேண்டும். இரு பட்டியல்களிலும் உள்ள ஒவ்வொரு சேவையகத்திடமும், வலயத்தின் தலைப்பதிவாகிய எஸ்ஓஏ பதிவைத் தனித்தனியே கேட்டு, விடையில் அதிகாரபூர்வத் தன்மையைக் குறிக்கும் ஏஏ கொடி உள்ளதா, வரிசை எண் எங்கும் ஒன்றா என்று நோக்கினால், மேல் வலயம், கீழ் வலயம் என்னும் இரு கரைகளுள் பிழை எதில் உள்ளது என்பது தெளிவாகும்.

காரணங்களுள் சில திரும்பத் திரும்ப எதிர்ப்படுபவை. வலயக் கோப்பில் சேவையகப் பெயரின் இறுதிப் புள்ளி விடுபட்டால், வலயத்தின் பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டு, உலகில் இல்லாத ஒரு சேவையகம் பிறந்துவிடும். சேவையகத்தின் பெயர் அதே வலயத்துக்குள் அமைந்திருந்தால், அதன் எண் முகவரி குளூ எனப்படும் ஒட்டுப்பதிவாக மேல் வலயத்திலும் இருக்க வேண்டும். சிறு சங்கமோ பாடசாலையோ இணைப்பு வழங்குநரை மாற்றும்போது தன் கோப்பைத் திருத்திவிட்டு இந்த ஒட்டுப்பதிவை மறந்துவிடுவது இயல்பாக நேர்வது. இவற்றினும் கடுமையானது, சேவையகத்தின் பெயர் சார்ந்திருக்கும் டொமைனே புதுப்பிக்கப்படாமல் காலாவதியாவது. அதை வேறொருவர் வாங்கினால், அந்த வலயத்துக்கு விரும்பிய விடையைத் தரும் வல்லமை அவர் கைக்குச் செல்லும்.

இரண்டு சேவையகங்களும் ஒரே கட்டடத்தில் இருப்பின், மாரிக்கால வெள்ளமோ ஒரு மின்தடையோ இரண்டையும் ஒருசேர நிறுத்திவிடும். அவற்றை வெவ்வேறு வலையமைப்புகளிலும் வெவ்வேறு இடங்களிலும் வைக்க வேண்டும் என்று 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2182 ஆவணம் அறிவுறுத்துவது, வடகீழ்ப் பருவமழையில் தாழ்நிலங்கள் மூழ்கும் மட்டக்களப்புப் பகுதிக்கு மிகவும் பொருந்தும்.

சேவையகத்தை மாற்றும்போது வரிசை தவறாமையே பெரும் பாதுகாப்பாகும். முதலில் புதிய சேவையகத்தில் வலயத்தை முழுமையாக ஏற்றி, அதை நேரடியாக வினவிச் சோதித்த பின்னரே மேல் வலயத்தின் குறிப்பை மாற்ற வேண்டும். விடைகளின் உண்மையை உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் ஒப்பம் இடப்பட்ட வலயமாயின், அதன் திறவுகோலைச் சுட்டி மேல் வலயத்தில் உள்ள டிஎஸ் பதிவு புதிய சேவையகம் தரும் திறவுகோலோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பதிவொன்றை நினைவில் வைத்திருக்கக்கூடிய கால அளவே டிடிஎல். அது 86400 வினாடி எனில் ஒரு முழு நாள் ஆகும். இரு கரைகளிலும் உள்ள டிடிஎல்களுள் நீண்டது கழியும் வரை பழைய சேவையகமும் சரியான விடைகளைத் தந்துகொண்டிருக்க வேண்டும். பாலத்தில் முதல் வண்டி ஓடிய அன்றே மிதவையைக் கரையேற்றிவிட்டால், செய்தி அறியாமல் துறைக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.