45 டிகிரி மூலையில் பிஸ்கட் காடி: புதிதாகத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

இரண்டு பலகைகளின் ஓரத்தை 45 டிகிரியில் சாய்த்து அறுத்து மூலையாகச் சேர்த்தால், பிளைவுட்டின் அடுக்குகள் வெளியே தெரியாது. பார்க்க அழகுதான். ஆனால் பசை தடவி கிளாம்ப்பை முறுக்கும்போது பாருங்கள், இரண்டு சரிவுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் பிஸ்கட். மூட்டுக்குக் கொஞ்சம் பலமும் சேரும், ஆனால் நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை. எனக்கு அது ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு சதுரப் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

## கருவியும் பிஸ்கட்டும்

பிஸ்கட் ஜாயின்டர் பார்ப்பதற்கு ஆங்கிள் கிரைண்டருக்குத் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே சுமார் 100 மி.மீ. விட்டமுள்ள பிளேடு. உடலை முன்னே தள்ளினால் பிளேடு வெளியே வந்து, 4 மி.மீ. அகலத்தில் பிறைவடிவக் காடி வெட்டும். 1950களின் நடுவில் ஸ்விட்சர்லாந்துத் தச்சர் ஹெர்மன் ஸ்டெய்னர் உருவாக்கிய முறை இது. அவர் நிறுவிய லமெல்லோ இன்றும் இந்தக் கருவிகளைச் செய்கிறது.

பிஸ்கட் என்பது அழுத்திய பீச் மரத்துண்டு. எண் 0 என்றால் 47 × 15 மி.மீ., எண் 10 என்றால் 53 × 19, எண் 20 என்றால் 56 × 23. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை பட்டதும் உப்பி, காடிக்குள் இறுகிவிடும். மழைக்காலத்தில் திறந்து போட்டால் காற்றின் ஈரத்திலேயே உப்பிக்கொள்ளும். பிறகு சுத்தியலால் தட்டினாலும் காடிக்குள் போகாது. இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

## படி 1: காடி எங்கே விழ வேண்டும்?

சாய்ந்த மூட்டில் புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நானும் விட்டேன். என் முதல் பெட்டியில், சரிவின் நட்டநடுவில் எண் 20 காடி போட்டேன். பலகையைத் திருப்பினால், தேக்கு வெனீர் ஒட்டிய வெளிமுகத்தில் ஒரு நீளக் கீறல். பிளேடு மறுபக்கம் எட்டிப் பார்த்திருந்தது.

காரணம் எளிய கணக்கு. 18 மி.மீ. பலகையை 45 டிகிரியில் அறுத்தால் சரிவின் அகலம் ஏறத்தாழ 25 மி.மீ. அதன் வெளிநுனி கத்திமுனை போல மெலிந்தது. நுனியிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி வெட்டுகிறோமோ, செங்குத்தாக உள்ளே அத்தனை மி.மீ. மரம்தான் இருக்கும். எண் 20 காடியின் ஆழம் சுமார் 12 மி.மீ. நடுவில் வெட்டினால் காடியின் வெளிச்சுவருக்கு நுனியிலிருந்து 11 மி.மீ.கூட இல்லை. பிறகு துளைக்காமல் என்ன செய்யும்?

ஆகவே காடியை உள்விளிம்புப் பக்கம் ஒதுக்குங்கள். எண் 20 என்றால் காடியின் நடு, நுனியிலிருந்து 17 மி.மீ. தள்ளி இருக்கட்டும். எண் 0 என்றால் ஆழம் 8 மி.மீ.தான், நடுவில் போட்டாலும் தப்பிக்கும்.

## படி 2: குறியிடுதல்

பெட்டியைப் பசையில்லாமல் சேர்த்து, வெளிமுகங்களில் பென்சிலால் 'வெ' என்று எழுதிவிடுங்கள். வேலை நடுவில் எது வெளி, எது உள் என்று மறந்துபோகும், சத்தியமாக. பிறகு மூலையைத் தாண்டி இரண்டு பலகையிலும் ஒரே கோடாகக் குறியுங்கள்: பலகையின் முனைகளிலிருந்து 50 மி.மீ.க்கும் மேல் தள்ளி ஒன்று, இடையில் 150 முதல் 200 மி.மீ.க்கு ஒன்று.

## படி 3: ஃபென்ஸைப் பொருத்துதல்

கருவியின் முன்னால், பலகையில் பதிந்து பிளேடின் இடத்தை நிர்ணயிக்கும் தட்டுதான் ஃபென்ஸ். அதை 45 டிகிரிக்குச் சாய்த்துப் பலகை முகத்தில் வைத்து வெட்டலாம். ஆனால் சரிவில் கருவி கீழே நழுவப் பார்க்கும். புதியவருக்கு நான் சொல்வது வேறு வழி.

இரண்டு பலகைகளின் வெளிமுகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, நுனிகளைச் சமமாக வைத்துக் கிளாம்ப் போடுங்கள். இரண்டு 45-ம் சேர்ந்து 90 டிகிரி கூரைமுகடு போல நிற்கும். இனி ஃபென்ஸ் 90-லேயே இருக்கலாம்: ஒரு சரிவில் ஃபென்ஸ் உட்கார, மறு சரிவில் பிளேடு இறங்கும். ஃபென்ஸிலிருந்து பிளேடின் நடுவுக்கு 17 மி.மீ. வைத்தால் போதும். ஒரு பக்கம் முடிந்ததும் கருவியை மறுசரிவுக்கு மாற்றுங்கள். அளவு முகட்டிலிருந்தே வருவதால், பலகை கனத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் வெளிமூலை கச்சிதமாகச் சேரும்.

## படி 4: வெட்டுதல்

முதலில் வீண்துண்டில் ஒரு ஜோடி வெட்டிப் பாருங்கள். கண்ணாடி, காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். பலகையைக் கையால் பிடிக்கக் கூடாது. கிளாம்ப்தான் பிடிக்க வேண்டும். மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகே தள்ளுங்கள். பிளேடு உள்ளே திரும்பிய பிறகே நிறுத்துங்கள். பிளேடு மரத்தைக் கடிக்கும்போது கருவி பக்கவாட்டில் இழுக்கும். இடதுகை ஃபென்ஸை அழுத்தியபடி இருக்க, வலதுகை நிதானமாகத் தள்ளட்டும்.

## படி 5: ஒட்டுதல்

காடியின் இரு சுவர்களிலும், சரிவுகளிலும் பசை. பிஸ்கட் உப்பத் தொடங்கிவிடும், அரட்டைக்கு நேரமில்லை. பிஸ்கட் சரிவுக்குச் செங்குத்தாக நிற்பதால், மூன்று மூலையை மூடிவிட்டு நான்காவதை நுழைக்க முடியாது. நான்கு பலகைகளையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கித் தள்ளுங்கள். பெல்ட் கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்றிக் கட்டி, குச்சி செருகி முறுக்கினாலும் நடக்கும். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

## படச்சட்டம் செய்பவருக்கு

படச்சட்டத்தில் மூட்டு தட்டையாகப் படுப்பதால் ஃபென்ஸ் 90-தான், துளைக்கும் பயம் இல்லை. பிரச்சினை நீளத்தில். எண் 20 காடியின் வாய் சுமார் 66 மி.மீ. 50 மி.மீ. அகலச் சட்டத்தின் சாய்ந்த முகம் 70 மி.மீ.தான், மயிரிழையில் அடங்கும். எண் 0 காடிக்கு வாய் 54 மி.மீ.; 40 மி.மீ. சட்டம் அதற்குக் கீழ்வரம்பு. அதைவிட ஒல்லியான சட்டத்துக்கு பிஸ்கட்டே வேண்டாம்.

பசை காய்ந்ததும் உப்புத்தாளை எடுக்க அவசரப்படாதீர்கள். பிஸ்கட் உப்பிய இடத்தில் மேற்பரப்பும் லேசாக மேடிட்டிருக்கும். அன்றே தேய்த்துச் சமன் செய்தால், ஈரம் வற்றியதும் அதே இடம் குழியாகி, பாலிஷ் போட்ட பிறகு வெளிச்சத்தில் பிஸ்கட் வடிவத்தில் தெரியும். இரண்டு நாள் பெட்டியைச் சும்மா விடுங்கள்.