தலைக்கேற்ற கவசம்

கற்றல் நோக்கம்: அன்றாடப் பொருளொன்றைப் பற்றிய விளக்கக் கட்டுரையைப் படித்துப் பொருள் உணர்தல், காரணம் காட்டி முடிவெடுத்து எழுதுதல்.

படிக்கும் முன்: உங்கள் வீட்டிலுள்ள தலைக்கவசத்தின் பின்புறத்தையும் உட்புறத்தையும் உற்று நோக்குங்கள். அங்குள்ள எழுத்துகளையும் எண்களையும் ஏட்டில் குறித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குங்கள்.

1. தூக்குமுகக் கவசம்

இருசக்கர வண்டியில் செல்வோர் அணியும் தலைக்கவசங்கள் பல வகைப்படும். தலையின் மேற்பகுதியை மட்டும் மூடுவது அரைக்கவசம். காதுகளையும் மூடி, முகத்தைத் திறந்தே விடுவது திறந்தமுகக் கவசம். தாடை வரை சுற்றி மூடுவது முழுமுகக் கவசம். முழுமுகக் கவசம் போலவே தோன்றினாலும், பொத்தானை அழுத்தியதும் தாடைப்பகுதியைக் கண்ணாடியோடு மேலே தூக்கத்தக்கது மற்றொரு வகை. கடைக்காரர்கள் இதனை ‘ஃபிளிப்-அப்’ என்பர். இப்பாடத்தில் இதனைத் தூக்குமுகக் கவசம் எனக் குறிப்போம்.

மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு இவ்வகை பெரிதும் உதவும்; கண்ணாடியைக் கழற்றாமலே கவசத்தை அணியலாம். படைக் குடியிருப்பிலும் தொழிற்சாலை வாயிலிலும் காவலரிடம் முகம் காட்ட வேண்டியவர்கள், கவசத்தைக் கழற்றாமல் முகப்பை மட்டும் தூக்கிக் காட்டலாம். வண்டியை நிறுத்தித் தண்ணீர் பருகவும் வழி கேட்கவும் எளிது. ஆயினும் கீலும் பூட்டும் கூடுதலாக இருப்பதால், இதன் எடையும் விலையும் சாதாரண முழுமுகக் கவசத்தைவிடச் சற்று மிகுதி. ஆகவே, குறைந்த செலவில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிதல் நன்று.

2. உள்ளே இருப்பது எது?

கவசத்தின் வெளியோடு கெட்டியான பிளாஸ்டிக்கினால் அல்லது கண்ணாடியிழையினால் ஆனது. அதனுள்ளே தெர்மோகோல் போன்ற தடித்த நுரை அடுக்கு உள்ளது. அதற்கும் உள்ளே துணி உறையிட்ட மெத்தை இருக்கிறது. மெத்தை வசதிக்கானது, உயிரைக் காப்பதில் பெரும்பங்கு நுரை அடுக்கிற்கே உரியது.

தலை தரையில் மோதினால் அது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நின்றுவிடுகிறது. நிற்கும் நேரம் எவ்வளவு குறைவோ, மூளையைத் தாக்கும் விசை அவ்வளவு மிகுதி. நுரை அடுக்கு நசுங்கிக்கொடுத்து, அந்த நேரத்தைச் சற்றே நீட்டுகிறது, விசையும் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலைக்கு வராது. எனவேதான் விபத்தில் அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல்கூடத் தெரியாவிடினும், மாற்றிவிட வேண்டும். பிறர் பயன்படுத்திய கவசத்தை விலைக்கு வாங்குவதும் தகாது. அது முன்பு எங்கே மோதியது என்பதை நாம் அறியோம்.

3. மலிவானதும் போலியானதும்

மலிவானவை யாவும் போலியானவை அல்ல. இந்தியாவில் தலைக்கவசங்களுக்கென வகுத்த தரநிலையின் எண் ஐ.எஸ். 4151. இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கான கவசங்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்னும் ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முறையான முத்திரை பெற்ற கவசம், விலை குறைவாயினும் கூடுதலாயினும், அதே தரநிலைக்கு உட்பட்டதாகும். கூடுதல் விலை பெரும்பாலும் குறைந்த எடை, காற்றோட்டம், பனிமூட்டம் படியாத கண்ணாடி, வண்ணப் படங்கள் ஆகியவற்றிற்காகக் கொடுப்பது.

சாலையோரத்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் சிலவற்றில் முத்திரை வெறும் ஒட்டுத்தாளாக இருக்கும். உண்மையான முத்திரையோடு தரநிலை எண்ணும், ‘சி.எம்./எல்.’ எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டால், உரிமம் பெற்ற நிறுவனம் எது என்பது தெரியவரும். இதைச் செய்ய உங்களாலேயே இயலும்.

4. கடையில் ஓர் உரையாடல்

தந்தை: இது கன்னத்தை இறுக்குகிறதம்மா. அடுத்த அளவை எடுத்துக்கொள்ளலாமா?

மகள்: பொறுங்கள் அப்பா. வீட்டில் புருவத்திற்கு ஓர் அங்குலம் மேலே நாடாவைச் சுற்றி அளந்தோமே, 58 செ.மீ. வந்தது. இதில் 580 மி.மீ. என்றுதான் இருக்கிறது. நெற்றியில் வலிக்கிறதா?

தந்தை: வலி இல்லை. கன்னத்தில் மட்டுமே இறுக்கம்.

மகள்: கன்ன மெத்தை நாளடைவில் தளர்ந்துவிடும். இப்போதே தளர்வாக இருந்தால் பின்னர் கவசம் ஆடும். வாரை மாட்டுங்கள், பின்புறத்திலிருந்து தூக்கிப் பார்க்கிறேன். கழன்று வரவில்லை, நன்று.

தந்தை: பூட்டையும் பார்த்துவிடுவோம். பலமுறை தூக்கி இறக்கினேன். ஒவ்வொரு முறையும் இருபுறமும் ஒன்றாகப் பூட்டுகிறது. பொத்தானைத் தொடாமல் இழுத்தால் திறக்கவில்லை. பூட்டுக் கொக்கியும் உலோகம்தான். ஆனால் சிங்கப் படம் போட்ட அந்தக் கவசம் அழகாக இருக்கிறதே!

மகள்: அதற்கு அறுநூறு ரூபாய் கூடுதல் அப்பா. இரண்டிலும் ஒரே உரிம எண்தான் இருக்கிறது. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எனக்கும் ஒரு கவசம் வாங்கலாமே? நாள்தோறும் உங்கள் பின்னால் நானும்தானே பள்ளிக்கு வருகிறேன்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்க் கடைக்காரரிடம் சிறுவர் அளவுக் கவசங்களைக் காட்டுமாறு கேட்டார்.

5. அணியும் முறை

அந்த மகள் கேட்டதில் சட்டமும் அடங்கியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. பின்னால் அமர்ந்து செல்வோருக்கும் இது பொருந்தும். வாரினால் தலையோடு உறுதியாகப் பிணைத்திருந்தால்தான் அது தலைக்கவசம் என்பதும் அப்பிரிவின் விளக்கமாகும்.

முறையாக அணிந்த கவசம் மூளைக்காய அபாயத்தை 74 விழுக்காடு வரை குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ‘முறையாக’ என்னும் சொல்லை இங்கே கருத வேண்டும். வார் பூட்டாத கவசம் மோதலின்போது கழன்று ஓடிவிடும். முகப்பைத் தூக்கியபடி ஓட்டினால், தாடைக்குப் பாதுகாப்பு இல்லை; எதிர்க்காற்று கவசத்தைப் பின்னோக்கித் தள்ளிக் கழுத்தை வருத்தும். ஆகவே, வண்டி நிற்கும்போது மட்டும் முகப்பைத் தூக்குக. புறப்படும் முன் பூட்டு விழும் ஓசையைக் கேட்டு உறுதி செய்க.

அருஞ்சொற்பொருள்

கீல் – கதவு முதலியவை திறந்து மூட உதவும் இணைப்பு
வார் – பட்டை, நாடா
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்
முத்திரை – அடையாளக் குறி
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தூக்குமுகக் கவசம் யாருக்கு மிகவும் உதவும்? ஏன்?
2. விபத்தில் அடிபட்ட கவசத்தை ஏன் மாற்ற வேண்டும்?
3. தந்தை கவசத்தின் பூட்டை எவ்வாறு சோதித்தார்?

ஆ. பிரித்து எழுதுக.
தலைக்கவசம், மூளைக்காயம், எதிர்க்காற்று

இ. எதிர்ச்சொல் எழுதுக.
மலிவு, இறுக்கம், உண்மை

ஈ. செய்து பார்க்க.
வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் தலைச் சுற்றளவையும் அளந்து பட்டியலிடுக. வண்டியில் செல்வோர் எத்தனை பேர், அவர்களுக்கேற்ற கவசங்கள் எத்தனை உள்ளன என எண்ணிப் பார்க்க. குறை இருப்பின், அதை எடுத்துரைத்து உங்கள் தந்தைக்கோ தாய்க்கோ எட்டு வரிகளில் தமிழில் ஒரு கடிதம் எழுதி, அவர்களிடமே கொடுக்க.