மனநல மருந்தும் நம் உணவும்

‘உணவே மருந்து’ என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். நல்ல உணவு பல நோய்களைத் தடுக்கும் என்ற அளவில் அஃது உண்மையே. ஆனால், மனச்சோர்வு, இருதுருவ மனநோய், மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக மருந்து உட்கொள்பவரிடம், “மாத்திரை எதற்கு? சத்துணவும் மூலிகையும் போதுமே!” என்று கூறுவது ஆபத்தில் முடியலாம். உணவு மருந்துக்குத் துணை நிற்கும், மருந்துக்கு ஈடாகாது.

மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். எனினும், நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே பயன்படுத்துகிறது. எனவே, மூளை நலத்திற்குச் சமச்சீர் உணவு இன்றியமையாதது. அதற்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘கால், கால், அரை’ முறையைப் பின்பற்றினாலே போதும். தட்டின் ஒரு கால் பகுதியில் சோறு அல்லது சப்பாத்தி, மற்றொரு கால் பகுதியில் மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவு, எஞ்சிய பாதியில் காய்கறிகளும் பழங்களும் இருக்க வேண்டும். நம் சந்தைகளில் எளிதில் கிடைக்கும் கெம்போங் மீனில் மூளைக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு உள்ளது.

மனநல மருந்து உட்கொள்பவர்கள் இன்னும் சில செய்திகளையும் அறிந்திருக்க வேண்டும். இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இதன் பயனை 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிறுநீரகம், லித்தியத்தை உப்பிலுள்ள சோடியத்தைப் போலவே கையாளுகிறது. உடலில் உப்போ நீரோ குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றாமல் சேமிக்கிறது; அதனுடன் லித்தியத்தையும் பிடித்து வைக்கிறது. இதனால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடி, கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை ஏற்படலாம். தைப்பூசத்திற்காக உப்பைக் குறைத்து விரதமிருந்து, வெயிலில் வியர்க்க நடக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் லித்தியம் உட்கொள்பவராயின், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கூறி ஆலோசனை பெற வேண்டும்.

மனச்சிதைவுக்கான சில மருந்துகள் பசியைத் தூண்டி, உடல் எடையைக் கூட்டும். அதற்காக மருந்தைக் கைவிடக்கூடாது. இனிப்புப் பானங்களுக்குப் பதில் வெறும் நீரைப் பருகலாம். நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணலாம். எடை தொடர்ந்து கூடினால், மருத்துவரே மருந்தை மாற்றுவது குறித்து முடிவு செய்வார். மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

‘இயற்கையானது, எனவே தீங்கற்றது’ என்ற எண்ணமும் தவறானது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையைச் சிலர் மனச்சோர்வுக்கு வாங்கி உண்கின்றனர். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு அது சேரும்போது, மூளையில் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயல்பாடு அளவுக்கு மீறக்கூடும். காய்ச்சல், நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். இந்நாட்டில் பதிவு பெற்ற ஊட்டச்சத்து மாத்திரைகளின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவெண் இருக்கும். பதிவெண் இல்லாதவற்றை வாங்காதீர்கள். ஆயினும், பதிவு பெற்ற மாத்திரையும் எல்லா மருந்துகளோடும் ஒத்துப்போகும் என்று கருதிவிடக்கூடாது.

நம் சமூகத்தில் பலர், மனநல மருந்து உட்கொள்வதை உறவினரிடம் மறைக்கின்றனர். அன்போடு ஒருவர் கொடுக்கும் கஷாயத்தை மறுக்க முடியாமல் குடித்துவிடுகின்றனர். பிறகு, அதனை மருத்துவரிடமும் சொல்லத் தயங்குகின்றனர். நீரிழிவுக்கு மருந்து உண்பதை நாம் மறைப்பதில்லை. மனநல மருந்துக்கு மட்டும் ஏன் வெட்கம்? உண்ணும் மருந்து, மூலிகை, ஊட்டச்சத்து மாத்திரை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுவதே பாதுகாப்பான வழி. அப்படி மருந்து உண்ணும் ஒருவர் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருக்கலாம். அவர் தயக்கமின்றிப் பேசக்கூடிய ஒருவராக நீங்கள் இருங்கள்.

கருத்துணர் கேள்விகள்

1. ‘கால், கால், அரை’ முறையை விளக்குக.
2. உப்பும் நீரும் குறைவது லித்தியம் உட்கொள்பவரை எவ்வாறு பாதிக்கிறது?
3. பதிவெண் உள்ள ஊட்டச்சத்து மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். ஏன்?
4. மனநல மருந்து உட்கொள்வதை மறைக்கும் வழக்கம் மாற நீ என்ன செய்வாய்? உன் கருத்தை எழுதுக.