டிரம்மில் தொடங்கும் பயிற்சி

வடசென்னையின் எர்ணாவூரில் குழாயில் தண்ணீர் வருகிறபோது பிடித்து வைத்தால்தான் வீட்டு வேலை நடக்கும். அதனால் வாசலில் டிரம்மும் குடமும் வரிசை கட்டி நிற்கின்றன. இங்கே சுகாதாரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். "தண்ணீர் சேர்த்து வைக்காதீர்கள்" என்ற அறிவுரை ஒரு வீட்டிலும் எடுபடாது. சேர்த்த தண்ணீரை எப்படிக் காப்பது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

முதல் வேலை ஆள் தேர்வு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அப்படி ஏற்கெனவே அறிமுகமானவர்களைச் சேருங்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கான குடியிருப்புக்கு அங்கேயே வசிக்கும் ஒருவர்தான் வேண்டும். படிப்பு குறைவு என்று யாரையும் ஒதுக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ஆரோலே தம்பதி 1970இல் தொடங்கிய திட்டத்தில், பள்ளிக்கூடம் போகாத கிராமப் பெண்கள் பலர் தேர்ந்த சுகாதார ஊழியர்களானார்கள். வாரந்தோறும் கூடி, ஊரில் பார்த்ததைப் பேசியே கற்றார்கள். ஆகவே தொடர்ந்து ஐந்து நாள் வகுப்பு எடுப்பதைவிட வாரம் ஒரு அரைநாள் நல்லது. அந்த அரைநாளின் கூலி இழப்புக்குப் படியும் கொடுங்கள்.

அடுத்தது டிரம். இதற்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். தெருவிலேயே ஒரு டிரம்மைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டுங்கள். நிழல் பட்டதும் கொசுப் புழுக்கள் அடிக்குப் போய்விடும். சற்று அசையாமல் நின்றால் மூச்சு விட மேலே வரும். தலைகீழாகத் தொங்குவது பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு. நீர்மட்டத்தோடு படுத்துக் கிடப்பது மலேரியா பரப்பும் அனாபிலஸின் புழு. சென்னையில் அதை மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் தேட வேண்டும். சில புழுக்களை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வாயை வலைத்துணியால் கட்டி, தன்னார்வலரிடமே கொடுத்தனுப்புங்கள். சில நாளில் அதற்குள் கொசு பறக்கும். அதைப் பார்த்த பெண்ணுக்குப் பேச்சுப் பயிற்சி தேவையில்லை. பாட்டிலைக் காட்டினால் போதும்.

பிறகு கழுவும் முறை. ஏடிஸ் முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்து, காயவைத்து, மறுபடி நிரப்பி, துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு டிரம்மைத் தன் கையால் கழுவிக் காட்டட்டும். வீட்டுக்காரரிடம் பேசுவதையும் பழக்குங்கள். "அக்கா, டிரம்ம எப்போ கழுவுனீங்க? வாங்க, ரெண்டு பேருமா பாத்துடலாம்" என்றால் கதவு திறக்கும். அதிகாரத் தொனியில் கேட்டால் மூடிக்கொள்ளும்.

காய்ச்சல் பாடத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தரக்கூடாது.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசலை ஆளுக்கு ஒருமுறை கலக்கச் சொல்லுங்கள்: ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதும், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போடுவதுதான் வழக்கமான தவறு. ஒரே தெருவில் பலருக்கு வயிறு போனால் குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்ததா என்று பார்க்க வேண்டும். குழாயில் குறைந்தது 0.2 பிபிஎம் குளோரின் இருக்க வேண்டும். குளோரின் அளக்கும் பெட்டியில் நிறம் மாறவில்லை என்றால் உடனே குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குச் சொல்லவும்.

வடசென்னைக்கென்று தனிப் பாடம் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், எண்ணெய் போகாது. ஆகவே எண்ணெய் கலந்த தொட்டித் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தோலில் பட்ட எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் கூடாது. வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். கழிவைக் கொட்டியவர்கள் செய்ய வேண்டியதை இந்தப் பெண்கள் தலையில் கட்டக்கூடாது. ஆனால் தன்னார்வலர்கள் பார்த்ததைத் தேதியோடு எழுதி வைக்கப் பழக்கினால், முறையிடும்போது அது சான்றாகும்.

பயிற்சி பலித்ததா என்று தேர்வுத்தாள் சொல்லாது. முதல் வாரம் ஒரு தெருவில் எத்தனை வீட்டு டிரம்மில் புழு இருந்தது என்று குறித்து, ஒரு மாதம் கழித்து அதே தெருவில் மறுபடி எண்ணுங்கள். குறையவில்லையென்றால் தன்னார்வலரோடு நீங்களும் வீடு வீடாகப் போய் எங்கே தடைபடுகிறது என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும்; இரண்டாம் சுற்றுப் பயிற்சியைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.