மூடிய கதவும் திறந்த இல்லமும்

கல்வியும் தொழிலும் மனித வாழ்வைத் தாங்கி நிற்கும் இரு தூண்கள். இவற்றுள் ஒன்றை மறுத்தாலும் வாழ்வு நிலைகுலைந்து போகும். ஆயினும், பிறந்த குலத்தைக் காட்டியும், பெண்ணாய்ப் பிறந்தமையைக் காட்டியும் இவ்விரண்டினையும் மறுத்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அங்ஙனம் மறுக்கப்பட்டோருள் பலர் மனம் நொந்து ஒதுங்கினர். சிலர் தம்மளவில் முயன்று முன்னேறினர். மிகச் சிலரே, தாம் பட்ட துன்பம் பிறர்க்கு வாராதிருக்க வழி கண்டனர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

சென்னை மாநகரின் தென்பகுதியில் வேளச்சேரி என்னும் பழைய ஊர் உள்ளது. அங்கிருந்து கிண்டி வழியாக அடையாறு நோக்கிச் செல்வோர், சர்தார் பட்டேல் சாலையில் புற்றுநோய் நிலையத்தைக் காண்பர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் அங்கு வந்த வண்ணம் உள்ளனர். அடையாற்றிலேயே அவ்வை இல்லம் என்னும் மற்றொரு நிலையமும் உண்டு. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்குப் புகலிடமாகத் தோன்றியது அது. இவ்விரண்டினையும் நிறுவியவர் முத்துலட்சுமி அம்மையாரே. அவர் தம் வாழ்வில் கண்ட துயரங்களே இவ்விரு நிலையங்களுக்கும் வித்தாக அமைந்தன.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் நிலவிய குலத்திற் பிறந்தவர். அக்காலத்தில் பெண் குழந்தைகள் எழுத்தறிவதே அரிது. பருவம் எய்தியதும் பள்ளிப் படிப்பு நின்றுவிடும். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே பாடங்களைக் கற்று, 1902-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அதன் பின்னர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அஃது ஆண்கள் பயிலும் கல்லூரி. ‘பெண் ஒருத்தி வகுப்பில் அமர்ந்தால் மாணவரின் ஒழுக்கம் குன்றும்’ என்றனர் சிலர். தாயின் குலத்தைச் சுட்டி இழித்துரைத்தனர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது, 1904-இல் அவருக்குக் கல்லூரியில் இடமளித்தார். மன்னரின் அருள் கிட்டியமையால் ஒரு மாணவிக்குக் கதவு திறந்தது. அவ்வருள் கிட்டாத எண்ணற்ற சிறுமியர்க்கு அது மூடியே கிடந்தது. உரிமையாய் வரவேண்டிய கல்வி, சலுகையாய் வந்தது. இவ்வேறுபாட்டை அம்மையார் தம் வாழ்நாளில் மறந்தாரல்லர் என்பதை அவருடைய பிற்காலச் செயல்கள் காட்டும்.

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு அறுவை மருத்துவம் கற்பித்த பேராசிரியர் ஒருவர், மாணவியரைத் தம் வகுப்பில் அனுமதிப்பதில்லை. தேர்வில் முத்துலட்சுமி பெற்ற சிறப்பான மதிப்பெண்களைக் கண்ட பின்னரே அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்நிகழ்ச்சி மகிழ்ச்சி தருவதே. எனினும், இதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. வகுப்பினுள் நுழைவதற்கு முன்பே தம் திறமையை மெய்ப்பிக்குமாறு ஆண் மாணவர் எவரையும் அப்பேராசிரியர் கேட்கவில்லை. கற்ற பின்னர்க் காட்ட வேண்டிய தகுதியைக் கற்பதற்கு முன்னரே காட்டு என்பது எங்ஙனம் நீதியாகும்? கதவை அடைப்பது மட்டுமன்று, ஒருவருக்கு மட்டும் வாயிற்படியை உயர்த்தி வைப்பதும் சமனின்மையே.

1912-இல் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராய் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும் என்பதை முன்கூட்டியே கூறி, அதற்கு அவர் இசைந்த பின்னரே மணத்திற்கு உடன்பட்டார்.

அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் பெண்களின் உரிமைக்காக உழைத்து வந்தது. அதன் முயற்சியால் அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப் பெற்று, அம்மன்றத்தின் துணைத் தலைவராகவும் விளங்கினார். இந்தியாவின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராய் இருந்து, பெண் கல்வியின் நிலையை நாடெங்கும் சென்று கண்டறிந்தார். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் அவர் தொடங்கிய முயற்சி, 1947-இல் முழுமையான சட்டமாக நிறைவேறியது. மன்னரின் அருளால் தமக்குக் கிடைத்ததைச் சட்டத்தின் துணையால் யாவர்க்கும் உரிமையாக்க முனைந்தார் எனலாம்.

ஆயினும், சட்டம் மட்டுமே போதுவதன்று. 1930-இல், அவ்வழக்கத்தினின்று விடுபட விரும்பிய சிறுமியர் சிலர் அம்மையாரின் வீடு தேடி வந்தனர். அவர்களைப் படிக்க வைக்க அம்மையார் விடுதிகளை நாடினார். அவர்தம் பிறப்பைக் காட்டி விடுதிகள் இடம் மறுத்தன. புதுக்கோட்டையில் தாம் கேட்ட அதே சொல்லை, கால் நூற்றாண்டிற்குப் பின்னர்ச் சென்னையிலும் கேட்க நேர்ந்தது. அவர் வாதாடிக் காலம் கழிக்கவில்லை. தம் இல்லத்தையே விடுதியாக்கினார். அதுவே அவ்வை இல்லம். குல வேறுபாடின்றிச் சிறுமியரை ஏற்ற அவ்வில்லம் 1936-இல் அடையாற்றுக்கு வந்தது. அங்கு அவர்களுக்குக் கல்வியோடு, தம் காலில் நிற்க உதவும் தொழிற்பயிற்சியும் அளிக்கப் பெற்றது.

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இளமையிலேயே உயிர் நீத்தார். அத்துயரும் ஒரு தொண்டாக மலர்ந்தது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் அடையாற்றில் தொடங்கியது. மறு ஆண்டில், அரசுப் பணி வாய்ப்பை விடுத்து இளம் மருத்துவர் வி. சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். 2021-இல் மறையும் வரை அந்நிலையத்திற்கே தம் வாழ்வை ஈந்தார். முதற் பெண்மணி தனித்து நடந்த பாதையில் அடுத்த தலைமுறைப் பெண்கள் துணையோடு நடந்தனர்.

1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். தமக்கு நேர்ந்த இழிவை எண்ணிப் பார்ப்பது எல்லார்க்கும் இயல்பு. அதனைப் பழி தீர்க்கும் படையாக்காது, பிறர்க்குப் பாதையாக்குவதே சான்றாண்மை. நம் வகுப்பிலும், ஊரிலும், பணியிடத்திலும் யாருக்கேனும் வாயிற்படி உயர்த்தப் பெற்றுள்ளதா என்று நோக்கி, உயர்ந்திருப்பின் அதனைத் தாழ்த்துவது கற்றோர் அனைவரின் கடமையாகும்.