களச்சொல்லும் கலைச்சொல்லும்: தமிழ்வழிச் சமூக அறிவியல் மாணவ ஆய்வேடுகளின் மொழி

ஆய்வுச் சுருக்கம்

வட்டாரப் பல்கலைக்கழகங்களில் தமிழ்வழி எழுதப்பெறும் சமூக அறிவியல் ஆய்வேடுகளின் குறைபாடு மாணவரின் மொழித்திறன் சார்ந்ததாகவே பெரிதும் பேசப்படுகிறது. களத்தில் வழங்கும் சொல்லை ஆங்கிலக் கலைச்சொல்லின் மொழிபெயர்ப்பால் இடம்பெயர்க்கும் வழக்கமே அடிப்படைச் சிக்கல் என இக்கட்டுரை வாதிடுகிறது. 1916-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழக ஊராய்வுகளும் தஞ்சைப் பண்ணையாள் சட்டமும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

முக்கியச் சொற்கள்: களச்சொல், கலைச்சொல், ஊராய்வு, தமிழ்வழிக் கல்வி, பண்ணையாள், கொத்து.

முன்னுரை

தமிழாய்வாளர் கில்பர்ட் ஸ்லேட்டரை அறிவது பெரும்பாலும் 1924-இல் வெளிவந்த, இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றிய அவரது நூலின் வழியாகவே. அவர் பொருளியலறிஞர் என்பதும், 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் என்பதும் நம் துறையில் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. பொறுப்பேற்ற மறு ஆண்டே அவர் தம் மாணவர்களிடம் வினாநிரல் ஒன்றைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். மாணவர் எழுதிவந்த அறிக்கைகளைத் தொகுத்து, தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக 1918-இல் பதிப்பித்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகியவை அதில் இடம்பெற்ற தமிழ் ஊர்கள்.

இந்திய ஊராய்வு வரலாற்றில் அந்நூலுக்கு உள்ள இடம் பெரிது. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1930-களில் அவ்வூர்களை மறு ஆய்வு செய்து 1940-இல் நூலாக்கினர். 1960-களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் சென்றனர். இருவேல்பட்டைப் பற்றி 2010-இலும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துள்ளது. ஒரு நூற்றாண்டு நீளும் இந்த அறிவுத் தொடரின் முதற்கண்ணி மாணவர் எழுத்து என்பது இங்குக் கருதத்தக்கது. பட்டம் பெறும் பருவத்து இளைஞர் விடுமுறைக் காலத்தில் எழுதிய அறிக்கைகளே பின்வந்த அறிஞர் அனைவருக்கும் ஒப்பீட்டு அடித்தளமாயின.

இன்று தமிழ்நாட்டின் வட்டாரப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பொருளியல், சமூகவியல், வரலாறு பயிலும் மாணவர் ஆண்டுதோறும் ஊராய்வு ஏடுகளை எழுதுகின்றனர். அவற்றை அடித்தளமாகக் கொண்டு இருபது ஆண்டு கழித்து ஒருவர் மறு ஆய்வு செய்ய இயலுமா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

ஆங்கில ஏட்டில் நின்ற தமிழ்ச் சொல்

ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதினர். ஆயினும் படியாள், பண்ணையாள், வாரம் முதலிய சொற்கள் இவ்வூராய்வு மரபின் ஆங்கில நடைக்குள் அப்படியே நின்றன. அவற்றுக்கு நிகரான ஆங்கிலச் சொல் இல்லாமையே காரணம். அந்த இல்லாமை ஆய்வுக்கு நன்மையாயிற்று. நிகர்ச்சொல் கிடைக்காத இடத்தில் எழுதுபவர் விளக்கம் எழுதியாக வேண்டும். படியாள் யார், அவனுக்கு அளக்கப்படும் படி எவ்வளவு, வாங்கிய கடனுக்கும் அவன் உழைப்புக்கும் உள்ள தொடர்பு யாது என ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். சொல் விடுக்கும் இத்தகைய வினாக்களே தரவாகத் திரள்கின்றன.

தமிழ்வழி ஆய்வேட்டில் நிகழ்வது இதன் மறுதலை. படியாள், பண்ணையாள், அன்றாடக் கூலி ஆகிய மூவரும் 'விவசாயத் தொழிலாளர்' என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றனர். வாரக்காரரும் குத்தகைக்காரரும் 'குத்தகைதாரர்' ஆகின்றனர். விளைச்சலில் பங்கு கொடுப்பவர் வாரக்காரர்; விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பவர் குத்தகைக்காரர். மழை பொய்த்த ஆண்டின் இழப்பை யார் சுமப்பது என்பதே இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு. பொருளியல் மாணவர் ஆராயவேண்டிய முதன்மைச் செய்தி அதுவே. அவர் ஏட்டில் அது இல்லாமற் போகிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் காத்த தமிழ்ச் சொல்லைத் தமிழில் எழுதுபவர் இழப்பது விந்தையாகத் தோன்றலாம். அதற்கான காரணங்கள் பின்னர் ஆராயப்பெறும்.

சட்டமும் சொல்லும்

சொல்லிழப்பு வரலாற்றிழப்பாக மாறும் விதத்தைத் தஞ்சைப் பகுதி தெளிவாகக் காட்டுகிறது. 1952-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே 'பண்ணையாள்' என்னும் தமிழ்ச் சொல் இடம்பெற்றது. தொழிலாளர் எனப் பொதுப்படக் கூறினால் சட்டம் யாரைக் காக்கிறது என்பது விளங்காது. ஆகவே சட்டம் வரைந்தோர் ஊர்ச்சொல்லை நாடினர்.

இச்சட்டம் ஓர் ஊரில் 6⅔ ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உடையோருக்குப் பொருந்துவதாக அமைந்தது. ஏக்கர்க் கணக்கில் மட்டும் நோக்குவோருக்கு இப்பின்னம் புதிராகவே இருக்கும். ஒரு வேலி என்பது 20 மா. அது ஏறத்தாழ 6⅔ ஏக்கர். ஆகவே சட்டத்தின் எல்லை தஞ்சை வழக்கின் 'ஒரு வேலி'யே. வேலி என்னும் சொல்லை நீக்கிவிட்டு ஹெக்டேரில் அட்டவணையிடும் ஆய்வேட்டில், நிலவுடைமையாளர் சிலர் அந்த எல்லையை ஒட்டித் தம் நிலத்தைப் பிரித்து எழுதியிருப்பின் அது கண்ணில் படாது.

சட்டத்தின் விளைவு அதைவிட முக்கியமானது. ஆண்டு முழுமைக்கும் பொறுப்பேற்கவேண்டிய பண்ணையாளைத் தவிர்த்து, நாட்கூலிக்கு ஆளமர்த்தும் போக்கு தஞ்சையில் வலுப்பட்டது. பாதுகாக்கச் சட்டம் வந்த பிரிவே அச்சட்டத்தின் பின் மெல்ல மறையத் தொடங்கியது. இம்மாற்றத்தை எழுத வேண்டுமாயின் பண்ணையாள், கூலியாள் என இரு சொற்கள் கட்டாயம் வேண்டும். 1950-க்கு முன்னும் பின்னும் 'விவசாயத் தொழிலாளர்' என்றே எழுதிச் செல்லும் ஏட்டில் இம்மாற்றம் நிகழவே இல்லை.

கொத்து என்னும் கூலி

தென்மாவட்ட எடுத்துக்காட்டு ஒன்றையும் காணலாம். அறுவடைக்குத் தானியமாக அளக்கும் கூலியைத் திருநெல்வேலிச் சீமையிலும் கரிசல் வட்டாரத்திலும் 'கொத்து' என்பர். இக்கட்டுரையாளர் தம் இளமுனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் வரைவில் இச்சொல்லை எழுதியபோது, அது பேச்சுவழக்கு எனச் சுழிக்கப்பட்டு 'ஊதியம்' எனத் திருத்தப்பட்டது. திருத்தியவரைக் குறைகூறுவதற்கில்லை. செந்தமிழ் நடை குறித்து நம் துறை பயிற்றுவித்ததையே அவர் செய்தார். இக்கட்டுரையாளரும் அன்று மறுப்பின்றி ஏற்றார்.

விளக்கத்தின் பொருட்டு வாக்கியம் ஒன்றை அமைத்துக்கொள்வோம். களத்தில் ஒருவர், "நடவுக்கு ரூவாதான், அறுப்புக்கு மட்டும் கொத்து" என்கிறார். ஆய்வேட்டில் அது, "பதிலளிப்பாளர்கள் தங்கள் ஊதியத்தைப் பணமாகவும் பொருளாகவும் பெறுகின்றனர்" என ஆகிறது. பின்னதில் பிழையில்லை. ஆனால் எந்த வேலைக்குப் பணம், எந்த வேலைக்குத் தானியம் என்னும் செய்தி போய்விட்டது. 'தான்', 'மட்டும்' என்னும் இரு இடைச்சொற்களும் போய்விட்டன. 'ரூவாதான்' என்பதில் குறைவு பற்றிய தொனி இருக்கலாம். 'அறுப்புக்கு மட்டும்' என்பதில், முன்பு பிற வேலைக்கும் கொத்து இருந்ததென்னும் நினைவு இருக்கலாம். இருக்கலாம் என்றே கூற இயலும். ஆனால் அந்த ஐயமே அடுத்த வினாவுக்கு வித்து: நடவுக்குக் கொத்து எப்போது நின்றது? நெல் விலை ஏறும் ஆண்டில் எதை விரும்புவீர்கள்? அறுப்புக்கு யாரை அழைப்பர், யாரை அழைக்கமாட்டார்? தொல்காப்பிய இடையியலைப் பயின்ற மாணவர் இத்தகைய இடைச்சொற்களைக் கடந்து செல்லமாட்டார். அவர் பயிற்சி சமூக அறிவியல் மாணவரின் மேசையை எட்டாதிருப்பது நம் துறைப் பிரிப்பின் விளைவு.

அளவைப் பெயர்களும் இவ்வாறே. நெல்லைப் பகுதியில் 21 மரக்கால் ஒரு கோட்டை. தஞ்சையில் 12 மரக்கால் ஒரு கலம். 'கோட்டை விதைப்பாடு' என்பது விதையின் அளவால் நிலத்தை அளப்பது. நிலத்தின் பரப்பை மட்டுமன்றி அது கேட்கும் விதையையும் அச்சொல் தெரிவிக்கிறது. கிலோவாகவும் ஹெக்டேராகவும் மாற்றுவது ஒப்பீட்டுக்குத் தேவை. மாற்றியபின் மூலத்தை அழிப்பது தேவையன்று.

இடம்பெயர்ப்பின் காரணங்கள்

மாணவரின் சோம்பலாக இதனைக் கருதுவது எளிது, ஆனால் சரியன்று. 1960-களில் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரி நிலைச் சமூக அறிவியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தன. அம்முயற்சி இன்றேல் தமிழ்வழி உயர்கல்வி இல்லை. எனினும் அந்நூல்களின் கலைச்சொற்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக ஆக்கப்பெற்றவை. அவை நூலிலிருந்து வகுப்புக்கு வந்தன, ஊரிலிருந்து வரவில்லை. மேலும் சமூக அறிவியல் பாடங்களில் தேசியத் தகுதித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடைபெறுகிறது. தமிழ்வழி மாணவருக்குத் தமிழ்க் கலைச்சொல் என்பது ஆங்கிலச் சொல்லை நினைவில் கொள்வதற்கான படிக்கட்டு. தம் ஊர்ச்சொல் அப்படிக்கட்டில் எங்கும் பொருந்தாது என்பதை அவர் விரைவில் கற்றுக்கொள்கிறார்.

ஆய்வேட்டின் வார்ப்பும் இதற்குத் துணைபோகிறது. ஐந்து இயல்கள், கருதுகோள், சதவீத அட்டவணை, அட்டவணைக்குக் கீழே அதையே திரும்பக் கூறும் ஒரு பத்தி, இறுதியில் அரசுக்குப் பரிந்துரைகள். 60 பேரில் 7 பேர் எனச் சொன்னால் போதும், அதை 11.67 சதவீதம் என எழுதியபின் அந்த எழுவர் யார் என்பதை எவரும் கேட்பதில்லை. வினாநிரல் ஆங்கிலத்தில் எண்ணப்பட்டுத் தமிழில் பெயர்க்கப்படுகிறது, மாணவர் அதனை ஊர்ப்பேச்சில் கேட்கிறார், விடையை ஊர்ப்பேச்சில் பெறுகிறார், ஏட்டுத்தமிழில் எழுதுகிறார். மூன்று பெயர்ப்புகள் நிகழ்ந்துள்ளன. ஒன்றேனும் ஆய்வேட்டில் பதிவாவதில்லை.

இவ்வார்ப்பு தவிர்க்க இயலாததன்று என்பதற்குத் திருநெல்வேலியே சான்று. நா. வானமாமலை 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி, இளம் ஆய்வாளர்களைத் தமிழிலேயே சமூக வரலாறும் மானிடவியலும் எழுதச் செய்தார். நாட்டார் கதைப்பாடலின் சொல்லையே சமூகத் தரவாக நோக்கும் முறை அங்கு வளர்ந்தது. இன்று நாட்டார் வழக்காற்றியல் மாணவர் தகவலாளியின் பேச்சை ஒலிமாறாது எழுதப் பழகுகிறார். அடுத்த கட்டடத்துப் பொருளியல் மாணவர் அதே ஊரின் அதே முதியவரைச் சந்தித்து 'பதிலளிப்பாளர் 34' எனக் குறித்துக்கொள்கிறார்.

பொதுச்சொல்லின் தேவை

களச்சொல் மட்டும் போதும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பொதுச்சொல் இன்றி ஒப்பீடு இல்லை. தூசியையும் கங்கைகொண்டானையும் ஒருங்கே வைத்துப் பேச 'கூலியுழைப்பு' போன்ற சொல் வேண்டும். ஊர்ச்சொல்லே உண்மை என்று கொள்வதிலும் இடர் உண்டு. பண்ணையாளைக் குறிக்க ஆண்டை வீட்டில் வழங்கிய சொற்கள் பலவும் இழிவு தாங்கியவை. அவற்றைப் பொதுச்சொல்லாக்க இயலாது. யார் யாரை அப்படி அழைத்தனர் என்ற குறிப்போடு பதிவு செய்யலாம். வேண்டுவது வரிசை: முதலில் களச்சொல், அடுத்து அதன் பொருளும் அதனை ஆள்வோரும், பின்னர்ப் பொதுச்சொல். கி. ராஜநாராயணனின் கரிசல் சொல்லகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் இதற்குக் கைகொடுக்கும். ஆனால் அவை பொருளியல், சமூகவியல் மாணவருக்குப் பார்வை நூல்களாகப் பரிந்துரைக்கப்படுவது அரிது.

களச்சொல் என்பது பழஞ்சொல் மட்டுமன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஊரக வேலைத் திட்டத்தை மக்கள் 'நூறு நாள் வேலை' என்றனர். 2009-இல் திட்டத்தின் அலுவல் பெயர் மாறியது. மக்கள் வைத்த பெயர் மாறவில்லை. அப்பெயர் திட்டத்தை நாட்கணக்கால் அளக்கிறது. இவ்வாண்டு எத்தனை நாள் கிடைத்தது என்னும் வினா அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆய்வேட்டில் அலுவல் பெயரின் முழு நீளம் பக்கந்தோறும் வருகிறது, இப்பெயர் வருவதில்லை. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழில்வளாகம் உள்ளது. நூறாண்டுக்கு முன் கொத்தும் கோட்டையும் பேசப்பட்ட ஊரில் 'காண்ட்ராக்ட்', 'ஷிப்ட்' என்னும் சொற்கள் வந்துள்ளன. 'காண்ட்ராக்ட்' என்பதை 'ஒப்பந்தத் தொழிலாளர்' என உடனே பெயர்த்துவிடும் மாணவர், ஊரார் அச்சொல்லால் குறிப்பது ஆளையா, வேலையையா, ஆள்பிடித்துத் தருபவரையா எனக் கேட்கத் தவறிவிடுவார்.

2022-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் இளமுனைவர் பட்டப் படிப்பை நிறுத்திவிட்டன. அதன் தரம் பற்றிய குறைகளில் உண்மை உண்டு. எனினும் தமிழ்வழி பயின்ற முதல் தலைமுறை மாணவர் பலருக்கு, ஓராண்டு ஓர் ஊரில் அலைந்து நூறு பக்கம் எழுதும் வாய்ப்பை அதுவே அளித்தது. இப்போது எஞ்சியிருப்பது முதுகலை இறுதிப் பருவத்தின் திட்டக்கட்டுரை. காலம் சில மாதங்கள். அச்சில மாதங்களில் மாதிரிக் கணக்கை விரிவாக்க இயலாது. ஆனால் கேட்ட சொல்லைக் கேட்டவாறு எழுதிவைக்க இயலும்.

அதற்குத் தமிழ்த்துறை செய்யத்தக்கது சிறிது. சமூக அறிவியல் திட்டக்கட்டுரைகளின் வாய்மொழித் தேர்வில் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் அமரலாம். கட்டுரையின் முதல் அட்டவணையைத் திறந்து, அதன் தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்கலாம்.